பன்னிரண்டு முடிச்சு

“பாப்பா மிச்சம் வெச்ச சீஸ் துண்டைக் கொண்டுவாங்க. நான் பாக்கணும்.”

முதலாளி வீட்டில் எதையும் கேட்டுவிடாதே என்று பஸ்ஸில் வரும்போதே அம்மா மூன்று முறை சொல்லியிருந்தாள். அவருடைய சீஸ் ஆலையின் பரிசோதனைக்கூட வேலைக்கான கடிதம் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடும். ஆனால் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியதற்காக எல்லோரும் ‘டிகிரி’ என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு, வாயை மூடி வைத்துப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை, காலை 9.10.

முதலாளியின் ஆறு வயது மகளுக்குச் சீஸ் என்றால் உயிர். பால்தான் ஒத்துக்கொள்ளாது. பாலில் இருக்கும் சர்க்கரை அவள் வயிற்றுக்குப் பகை. நாள்பட முதிர்ந்த சீஸில் அந்தச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும். அதனால் ஒரு வருடம் தொங்கிய உருண்டையில் வெட்டியது மட்டும், அதுவும் டிகிரியின் அம்மா கையால் மட்டும் என்பது முதலாளியம்மா போட்ட சட்டம். நேற்று மாலை குழந்தை வயிறு உப்பிச் சுருண்டு கிடந்தாள். தலையணைக்கு அடியில் பாதி கடித்த துண்டு இருந்தது.

“ஞாயித்துக்கிழமை லீவுன்னு சனிக்கிழமையே ரெண்டு துண்டா குடுத்திருக்கா. அதுவும் புதுசுல வெட்டி,” என்றாள் முதலாளியம்மா. “இனிமே இவ சீஸ் ரூம் பக்கமே வரக் கூடாது.”

அம்மா கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். பதினோரு வருடமாகக் கட்டிய ஏப்ரன். “ஒண்ணுதாம்மா குடுத்தேன். என் கண்ணு முன்னாலயே தின்னு முடிச்சுது.”

துண்டு வந்தது. டிகிரி வளைத்துப் பார்த்தாள். ரப்பர் மாதிரி வளைந்தது. ஒரு வருடச் சரக்கு என்றால் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும்.

“புதுசுதான். அதுல நீங்க சொன்னது சரி. நேத்து வீட்ல யாரு?”

“நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம்தான் வந்தேன். இவர் இருந்தார். என்ன, விசாரணையா?”

“ஆமா. சீஸ் ரூம் சாவி?”

“உங்கம்மா சனிக்கிழமை குடுத்துட்டுப் போனா. அந்த ஆணியில தொங்குது.”

முதலாளி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை 9.25. சீஸ் அறை சில்லென்றிருந்தது. கம்பு கம்பாக, கயிற்றில் உருண்டைகள் தொங்கின. முதல் நாளே புகை காட்டிவிடுவதால் எல்லாம் ஒரே பழுப்பு. கம்புக்கு ஒரு பலகை. ‘பன்னிரண்டு மாதம்’ என்ற பலகைக்குக் கீழே ஓர் உருண்டையில் மட்டும் ஒரு வெட்டு. துண்டின் கடிபடாத ஓரம் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. டிகிரி அதன் கயிற்றைத் தடவினாள்.

ஒரே ஒரு முடிச்சு.

“மாசத்துக்கு ஒண்ணு போடுவேன்,” என்றாள் அம்மா மெல்ல. “இது ஒரு மாசத்துப் பிஞ்சு.”

“பலகையில பன்னிரண்டுன்னுதானே போட்டிருக்கு?” முதலாளி அன்று பேசிய முதல் வார்த்தை.

“சனிக்கிழமை பலகையெல்லாம் கழுவினேன் சார். மாத்தி மாட்டிட்டேன் போல.”

“போலயா? பாத்து மாட்ட மாட்டியா?” என்றாள் முதலாளியம்மா.

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா.”

பதினோரு வருடமாக மூடி வைத்தது. டிகிரி முதலாளியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“பலகை மாறினது எங்கம்மா தப்புதான். ஆனா அவங்க பலகையைப் பாக்கறதே இல்ல, முடிச்சைத்தான் எண்ணுவாங்க. இதை வெட்டினவர் பலகையை நம்பி வெட்டியிருக்கார். எழுத்தைப் பாத்து ஏமாறணும்னா எழுத்து தெரியணும். சாவி உங்க வீட்டு ஆணியில. நீங்க அக்கா வீட்ல. மிச்சம் ஒருத்தர்தான்.” பிறகு முதலாளியைப் பார்த்தாள். “சார்?”

முதலாளி பதில் சொல்வதற்குள் கதவருகே ஒரு சின்னக் குரல் கேட்டது. குழந்தை போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

“அப்பாவைத் திட்டாதம்மா. நாங்க தரையில உக்காந்து தின்னோம். அப்பா போனை எடுக்கவே இல்ல.”

முதலாளி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். “ஒரு நாளாவது என் கையால குடுக்கணும்னு தோணுச்சு. நேத்து அவ துடிச்சதைப் பாத்ததும் சொல்ல வாய் வரல.”

முதலாளியம்மா அம்மாவின் கையிலிருந்த ஏப்ரனை வாங்கி, தானே அவள் இடுப்பில் கட்டினாள். “மன்னிச்சிருங்கக்கா. பாப்பாவுக்கு இனிமேலும் நீங்கதான் குடுக்கணும்.”

“எனக்குப் பன்னெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்,” என்றாள் குழந்தை.

“அப்ப நீதான் எனக்கு மேனேஜர்,” என்று அம்மா அவளைத் தூக்கிக் கயிற்றைப் பிடிக்கக் கொடுத்தாள். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கை தொடங்கியது. அம்மா இந்த வேலையை விட்டுப் போக மாட்டாள். அது டிகிரிக்குப் புரிந்தது, கோபம் வரவில்லை.

முதலாளி எழுந்துபோய், கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். “உன்னை மாதிரி ஆள்தான் இங்க வேணும்.”

“எங்கம்மா ஏப்ரனைக் கழட்டினப்போ நீங்க ஜன்னலைப் பாத்துட்டு நின்னீங்க சார்.”

கடிதம் அவர் கையிலேயே நின்றது. அவள் சாக்பீஸ் எடுத்துப் பலகைகளை இடம் மாற்றி மாட்டினாள். எழுத்துக்குப் பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாக முடிச்சு வரைந்தாள். பன்னிரண்டாவதை வரைந்ததும் கையைத் தட்டிக்கொண்டாள்.

“ஏய், எங்கடி கிளம்பிட்ட? உனக்கும் சேத்துத்தான் டப்பா கட்டியிருக்கேன்,” என்றாள் அம்மா.

“மேனேஜரோட சாப்பிடும்மா.”

ஏப்ரனை அவிழ்க்க அம்மா முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோன அந்த நொடியிலேயே, இந்த வேலை வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். உள்ளே எண்ணிக்கை ஏழில் இருந்தபோது, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.