தரைக்குக் கீழே தட்டுகிறார்கள்

செல்வராணி வடித்த சோற்றில் சிமெண்ட் வாடை அடித்தது. மழை விட்ட மாலை நேரம், பத்து பகாட் ஊரிலிருந்த அந்த வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தும், அந்த வாடை திரைச்சீலையிலும் தலையணையிலும் ராஜசேகரனின் நாக்கிலும் மாவுபோல் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

பக்கத்து வீட்டில் ரெனொவேஷன் என்றான் மனைவியிடம். பக்கத்து வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது.

அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. முற்றுகையில் சிக்கிய ஒரு தூரத்து நகரத்திலிருந்து ஜனங்கள் இணையத்தில் ஏற்றும் வீடியோக்களில் எதை விடலாம், எதை அழிக்கலாம் என்று முடிவு செய்வான். அந்த ஜனங்கள் என்றாலே அவனுக்கு இளக்காரம். தண்ணீருக்கு அடித்துக்கொள்பவர்கள், புல்லை அவித்துத் தின்பவர்கள், எல்லாரும் கேமராவுக்காக அழுகிறார்கள் என்பான். அன்று காலை ஒருத்தி இடிந்த கட்டடத்தின்மேல் படுத்து, கான்கிரீட்டில் காதை வைத்து, உள்ளே பிள்ளைகள் தட்டுகிறார்கள், யாராவது வாருங்கள் என்று கெஞ்சினாள். போலி என்று அழித்துவிட்டு டீ கலக்கப் போனான் இந்தப் பெரிய மனுஷன்.

மத்தியானத்திலிருந்து ஹாலில் தரைக்குக் கீழே சத்தம் கேட்பதாகச் செல்வராணி சொன்னாள். எலி என்றான்.

"எலி பதிலுக்குக் காத்திருக்காதுங்க," என்றாள். "நான் ஒரு தரம் தட்டினேன். கீழேருந்து நெறைய பேரு தட்டினாங்க."

"நீயும் உட்கார்ந்து அழு லா. நான் வீடியோ எடுக்கறேன்."

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு ரெங்கத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். கார் சத்தம் தேயும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவனுக்கும் கேட்டது. டைல்ஸுக்கு அடியில், முதலில் நகத்தால் சுரண்டுவதுபோல மெல்ல, பிறகு கல்லால் கல்லை இடிப்பதுபோல, ஹாலிலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து படுக்கையறைக்கும் நகர்ந்து நகர்ந்து. டிவியைச் சத்தமாக வைத்தான். தட்டல் அதற்கு மேலே கேட்டது. யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தான். யார் நம்புவார்கள்? கீழே வைத்தான்.

ஒரு டைல் விரிசல் விட்டது.

விரல். சின்னது. சாம்பல் நிறம். நகமில்லை.

ராஜசேகரன் அதைப் பிடித்துத் தூக்கவில்லை. சோபாவை இழுத்து அதன்மேல் போட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

சோபாவைச் சுற்றி டைல்கள் விரிசல் விட்டன. ஒவ்வொன்றாய். வாசற்படி வரை. ஒவ்வொரு விரிசலிலும் விரல்கள். அவசரமில்லாமல் தடவிக்கொண்டு. அவன் கால்களை மேலே இழுத்துக்கொண்டான்.

சோபா மெல்லக் கீழே இறங்கியது.