தண்ணீர் துப்பாத மோட்டார்

மூன்று நாள் வெயிலில் கிடந்த பிறகும் அந்தப் படகு மோட்டார் சொட்டுவதை நிறுத்தவில்லை. அந்த வருசத்து நோன்பு மாதத்தில் அலவத்துகொடையில் அடித்தது லேசுப்பட்ட வெயில் அல்ல. நளீரின் பின்வளவுக் கராஜ் தகரத்தில் வந்து குந்திய காகங்கள் ஒற்றைக் காலில் நின்று, கால் மாற்றி, கடைசியில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பறந்துபோயின. அப்படியான வெயிலில் கிடந்துதான் அந்த இரும்பு, நிமிசத்துக்கு ஒன்றாக, கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கொழகொழத்த சொட்டொன்றைக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. அடியில் வைத்த மாஜரின் டப்பா காலையில் நிறைந்திருக்கும். கொட்டினால் பின்னேரம் மறுபடி நிறைந்திருக்கும். கொட்டிய இடத்துக்கு எறும்பு வராது. ஈ மட்டும் வரும். வந்த ஈ திரும்பிப் போனதை நளீர் காணவில்லை.

கொண்டுவந்தவன் இருளப்பன். தோட்ட வேலையை விட்டுவிட்டு விக்டோரியா நீர்த்தேக்கத்தில் திலாப்பியா மீன் பிடிக்கிற ஆள். மழை பொய்த்துத் தண்ணீர் இறங்கியபோது, மூழ்கிப்போன பழைய தெல்தெனிய ஊர்ப் பக்கத்தில் சில சுவர்கள் வெளியே தெரிந்தனவாம். அதில் ஒரு வீட்டின் அடுப்படிக் குசினிக்குள் இந்த மோட்டார் நின்றதாம்.

“கெடந்ததா, நின்டதா?” என்று கேட்டார் நளீர்.

“நின்னுச்சு நானா. சொவத்துல சாஞ்சுகிட்டு, ஆளு மாதிரி. வெளிப்பக்கம் பூட்டுப் போட்டிருந்துச்சு. நான்தான் ஒடச்சேன்.”

“தண்ணிக்கு அடியில பூட்டிவச்ச சாமான ஏன்டாப்பா ஒடச்ச?”

“துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழண்டுபோச்சு நானா. ஒங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க, மாத்தளைக் கராஜுக்குக் கொண்டு போறேன்.”

‘ஏலாட்டி’ என்ற அந்த ஒரு சொல் போதும். பிளக்கும் பெட்ரோலும் உள்ள எதையும் ஓட வைப்பேன் என்று இருபது வருசமாக த்ரீவீல்காரர்களிடம் சொல்லிவந்த வாய், படகு மோட்டாரை இதற்கு முன் தொட்டதே இல்லை என்பதைச் சொல்லாமல் மூடிக்கொண்டது.

நளீருக்கு இருந்த பெருமைகள் இரண்டே. ஒன்று அது. மற்றது, பன்னிரண்டு வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கி நாற்பத்தாறு வயதுவரை ஒன்றைக்கூட விட்டதில்லை என்பது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விடவில்லை. நோன்பு மாதத்தில் அவர் தன் எச்சிலைக்கூடச் சந்தேகத்தோடுதான் விழுங்குவார்.

மூன்றாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, மோட்டாரின் அடியில் இருந்த காற்றாடியைக் கழற்றினார். அச்சைச் சுற்றி, கொய்யாப்பழம் அளவில் ஏதோ இறுகிக் கிடந்தது. தங்கூசி நூல் என்று நினைத்தார். வலை போடுகிற இடத்தில் ஓடிய மோட்டாரில் தங்கூசி சிக்குவது அதிசயமில்லை. கத்தியை வைத்தபோது அது தங்கூசி மாதிரி நறுக்கென்று அறுபடவில்லை. ஈரமாக, மெத்தென்று, ஆட்டுக் குடலின் சவ்வு கிழிகிற மாதிரி விட்டுக்கொடுத்தது. முடி. கறுத்து நீண்ட பொம்பிளை முடி. அதன் நடுவே சாம்பல் நிறக் கொழுப்பு. கொழுப்புக்குள் அரிசி மணி போல வெள்ளை வெள்ளையாக ஏதோ. அது அசைந்ததா, தன் கண்தான் கூசியதா என்று நின்று பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கொய்யாப்பழம் அளவிலிருந்து இழுக்க இழுக்க ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய வந்தது. அழுகிய மீன் நாற்றத்தை அவர் பொறுத்துக்கொண்டார். அதற்கு அடியிலிருந்து, சற்று முன்புதான் தலையில் தேய்த்தது போலப் புத்தம்புதிதாகத் தேங்காயெண்ணெய் மணம் வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கையை ஏழு தரம் கழுவினார். நகக்கண்ணில் மணம் போகவில்லை.

படகு மோட்டாரை வெறுமனே ஓட்டக்கூடாது, அது தண்ணீர் குடித்துத் தண்ணீர் துப்பித்தான் தன் சூட்டை ஆற்றிக்கொள்ளும் என்பது கேள்வி ஞானம். இரும்புப் பெரலில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் மோட்டாரை மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்தார். நாற்பது தரம் இழுத்தார். கபம் கட்டிய நெஞ்சு மாதிரி ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். டாங்கியில் ஊற்றியிருந்த பெட்ரோலை வடித்தார், பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகுதான், தண்ணீர் துப்ப வேண்டிய பக்கவாட்டு ஓட்டை அடைத்துக் கிடப்பதைக் கண்டார். கம்பி போகவில்லை. சைக்கிள் பம்ப் பொருந்தவில்லை.

காபரேட்டர் அடைத்தால் கராஜ்காரன் வாயை வைத்து ஊதுவான். நோன்பில் அவர் அதைச் செய்வதில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தார்: ஊதுவது உள்ளே எடுப்பது இல்லையே, வெளியே விடுவதுதானே. உதட்டைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, ஓட்டையில் வைத்து, நெஞ்சு காலியாகும்வரை ஊதினார்.

உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. ஒரு கணம் சும்மா இருந்தது.

பிறகு மோட்டார் திருப்பி ஊதியது.

வெதுவெதுப்பாக, சளிக்கட்டி போல வழுக்கலாக, அது நாக்கின் மேல் ஏறியது. துப்ப எண்ணுவதற்குள் தொண்டையைத் தாண்டியது. போகும்போது கால்கள் உள்ளது மாதிரி ஒரு கூச்சத்தை விட்டுப்போனது.

நளீர் மண்ணில் முழங்காலிட்டு உமட்டினார். விரலைத் தொண்டைவரை கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். தானாக வரும் வாந்தியில் நோன்பு முறியாது. விரல் விட்டு எடுத்தால் முறியும். முப்பத்து நாலு வருசம். மஹ்ரிபு வாங்கு சொல்லி நோன்பு திறக்க இன்னும் நாலு மணித்தியாலம். விரலை வெளியே எடுத்தார். உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்கு வுழுச் செய்ய, முகம் கழுவி வாய் கொப்பளித்தபோது கீழுதட்டில் ஒரு முடி ஒட்டியிருந்தது. எடுக்கப் பார்த்தார். ஒட்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து வந்திருந்தது. லேசாக இழுத்ததும் வயிற்றின் அடியில், தொப்புளுக்குப் பின்னால், ஏதோ சேர்ந்து அசைந்தது. தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் உதட்டோரம் நறுக்கினார். தொழுது முடிப்பதற்குள் மறுபடி நாடிவரை தொங்கியது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய மாதிரி மினுங்கியது.

பக்கத்து வளவில், பள்ளியில் ஓதிக்கொடுக்கிற ஸெய்னுலாப்தீன் லெப்பை கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நளீர் போய் நாடியைக் காட்ட, அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

“முடி முழுங்கின ஆளக் கண்டதில்ல. நூல் முழுங்கினவன்ட கத மார்க்கக் கிதாபுல ஈக்குது.”

“என்ன செய்யச் சொல்லியீக்குது?”

“திருப்பி முழுங்கினா சாப்பிட்ட கணக்கு. நீ இழுத்தா வாந்தி எடுத்த கணக்கு. நீ தூங்கக்கொள்ள வேற ஆள் இழுத்தா ஒன்டுமில்ல.” பிறகு மூக்கைச் சுருக்கினார். “அது சரி, ஆர்ட தலை எண்ணெய் இப்பிடி மணக்குது? தள்ளி நில்லு.”

“கள்ளத் தூக்கம் கணக்குல சேருமா?”

“போடா! நோன்புலயும் கள்ள வேலயா?”

நளீர் வீட்டு விறாந்தையில் பாயை விரித்துப் படுத்தார். மனைவி றிஸானா அடுப்பில் நோன்புக் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு வந்து, தலைமாட்டில் குந்தி, விசயத்தைக் கேட்டு, முதலில் சிரித்தாள். முடியைத் தொட்டதும் சிரிப்பு நின்றது.

“சீ! இது சூடா ஈக்குது.”

“நான் தூங்கினாப் பொறகு இழு புள்ள.”

“வழுக்குமே.”

“வெரல்ல சுத்திக்க.”

கண் றப்பைகள் கனத்தன. கஞ்சியின் இஞ்சி மணமும் தேங்காய்ப்பால் மணமும் கலந்து வந்து, அந்த எண்ணெய் மணத்தோடு சேர்ந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. பெரல் பக்கமிருந்து சொட்டுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வயிற்றுக்குள் நூல்பந்து பிரிகிற மாதிரி இருந்தது. கண் திறந்தார். வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. றிஸானா முகத்தைத் திருப்பி, மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு, இழுத்துக்கொண்டிருந்தாள். பாயெல்லாம் ஈர முடி. சுருள் சுருளாக. அதில் வெள்ளை மணிகள். இப்போது ஐயமில்லை, அசைந்தன.

“முழிச்சிட்டீங்களா? கண்ண மூடுங்க. இன்னம் கொஞ்சந்தான்.”

ஒரு முடியாக வந்தது நாலாகி, நாற்பதாகி, விரல் தடிப்பில் கயிறாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று இறுகியது. றிஸானா கைவிரல்களில் இன்னொரு சுற்றுச் சுற்றி, விறாந்தைச் சுவரில் காலை ஊன்றி, சுண்டி இழுத்தாள்.

பின்வளவில் மோட்டார் இருமியது.

றிஸானா பின்வளவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கை தன்பாட்டில் இன்னொரு தரம் இழுத்தது.

மோட்டார் ஸ்டார்ட் ஆனது.

சீராக. அழகாக. நாற்பது தரம் கெஞ்சியும் கிடைக்காத ஓட்டம். நளீர் சட்டைப் பையைத் தடவினார். பிளக் இருந்தது. டாங்கியில் ஒரு துளி இல்லை.

“ஆர் ஓட்டுற?” என்றாள் றிஸானா.

முடி திரும்பத் தொடங்கியது.

பாயிலிருந்து எழும்பி, சுருள் பிரிந்து, அவர் வாய்க்குள். ஓட்டத்தின் வேகத்தில். தொண்டை வழியே. இழுபட்டு. இறங்கி. வயிற்றுக்குள் சுருண்டது. றிஸானா விரலை உருவப் பார்த்தாள். மூன்று சுற்று. நாலு சுற்று. எண்ணெய் வழுக்கவில்லை, இறுகியது.

“உடுங்க! கையை உடுங்க!”

அவர் பிடிக்கவில்லை. அவர் பல்லைக் கடித்தார். முழுப் பலத்தோடு. முடி பல்லிடுக்கால் போனது. அவள் நகங்கள் உதட்டில் வந்து முட்டின. மோதிரம் பல்லில் உரசியது. வாய் திறக்கவில்லை. இன்னும் நேரமாகவில்லை. மஹ்ரிபு வாங்கு இன்னும் சொல்லவில்லை. அதுவரைக்கும் இந்த வாய்க்குள் ஒன்றும் போகாது. முப்பத்து நாலு வருசம். பின்வளவில் மோட்டார் வேகம் கூட்டியது. தண்ணீர் துப்பும் சத்தம் கேட்டது. கெட்டியான தண்ணீர்.

“யா அல்லாஹ்! ஆராச்சும் வாங்க!”

பள்ளியில் வாங்கு ஒலித்தது.

நோன்பு முடிந்தது. நளீரின் வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை. மெல்லத் திறந்து, அகலத் திறந்து, ஒரு மனித வாய் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் திறந்தது. றிஸானாவின் விரல்கள் போயின. உள்ளங்கை போனது. மணிக்கட்டைத் தாண்டியதும், அவள் கண்ணாடி வளையல்கள், ஒவ்வொன்றாக, அவர் பல்லில் தட்டித் தட்டி உடையத் தொடங்கின.