வாசலில் நின்றவள்

வள்ளித்தாய் காருக்குப் பக்கத்தில் வரவில்லை.

அதுதான் கருத்தப்பாண்டிக்கு உறுத்தியது. சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்திலிருந்து கரிவலம்வந்தநல்லூர்ப் பிள்ளைகளைத் தன் வாடகை அம்பாசிடரில் கொண்டுவந்து விடுவது அவன் வேலை. ஹாரன் சத்தம் கேட்டால் தாய் வண்டிக்கே வரவேண்டும். அவன் இறங்கி, பிள்ளையின் கையைத் தாயின் கையில் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். அவனாக வைத்துக்கொண்ட வழக்கம், ஒருநாளும் மீறியதில்லை.

இன்று அடைமழை. ஐப்பசி மேகம் சாயங்காலத்தையே இருட்டாக்கியிருந்தது. கரிசல் காட்டை ஒட்டிய கடைசி வீட்டுத் தாழ்வாரத்தில், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

பின் சீட்டில் மிச்சமிருந்தது அவள் மகள் கோமதித்தாய் மட்டும். இரண்டாம் வகுப்பு.

“மாமா, நீங்களும் கூட வாங்க.”

“ஏட்டி, நீ என்ன உப்பு மூட்டையா, கரைஞ்சிபோக? அங்கன அம்மை நிக்கா பாரு. ஓடு.”

“அம்மை ஏன் பேச மாட்டக்கா?”

“நீ பேசுத பேச்சுக்கு அவ வேற பேசணுமாக்கும். போ மக்கா.”

பிள்ளை பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். அந்த உருவம் ஒதுங்கி வழிவிட்டது. அவன் வண்டியைத் திருப்பினான்.

வைப்பர் கண்ணாடியில் கரகரவென்று தேய்க்க, நனைந்த சீட்டு ரெக்சினின் புழுங்கல் வாடையும், பிள்ளைகள் சிந்திய கடலைமிட்டாய் வாடையும் மூக்கை அடைக்க, அவன் மெயின் ரோட்டுக்கு வந்தபோது, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்ட ஒருத்தி குறுக்கே வந்து கைகாட்டினாள்.

வள்ளித்தாய்.

“பஸ்ஸு சகதில பதிஞ்சிட்டு அண்ணாச்சி. பிள்ள எங்க?”

“வீட்டுல...”

“சாவிய நான்லா வச்சிருக்கேன். தாழ்வாரத்துலயா உக்காத்தி வச்சிய?”

“நீதானம்மா அங்கன நின்ன.”

“வெளையாடாதிய அண்ணாச்சி” என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

அவளை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். இறங்கி நடந்திருந்தால் பத்து எட்டு. கையைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அந்தக் கையையாவது தொட்டுப் பார்த்திருப்பான். மழைக்குச் சோம்பல்பட்டு உட்கார்ந்தபடியே அனுப்பிவிட்டான்.

ஹெட்லைட்டை வீட்டின் மேல் அடித்து நிறுத்தினான். தாழ்வாரம் காலி. கதவில் பூட்டு தொங்கியது. வாசல் சகதியில் சின்னக் காலடிகள், கதவு வரைக்கும். பக்கத்தில் வேறு காலடி இல்லை. திரும்பிய காலடியும் இல்லை.

பூட்டிய வீட்டுக்குள் பிள்ளை சிரித்தது.

வள்ளித்தாய் சாவியை நீட்டினாள். அவன் வாங்கித் திறந்தான். கதவைத் தள்ளினான். ஹெட்லைட் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

கோமதித்தாய் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சடை அவிழ்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

“ஏட்டி, கோமதி” என்றான். பிள்ளை திரும்பவில்லை.

முடி தானாக எழுந்தது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. நிதானமாக. இறுக்கமாக.

“மெல்ல பின்னும்மா. வலிக்கி.”

பிள்ளைக்குத் தோள் தாண்டாத முடி. பின்னல் தரையைத் தொட்டு, நிலைப்படி வரை வந்து கிடந்தது. இன்னும் பின்னிக்கொண்டிருந்தது.