பத்தாயிரத்தில் ஒரு கையெழுத்து!

போன் அடித்தது.

காலை பத்து மணி. ஜெராக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கட்டுத் தாளைப் பிரித்து, ஒட்டிக்கொள்ளாமல் விசிறிவிட்டு, ட்ரேயில் வைத்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள்.

"ஜெராக்ஸ் கடை... சொல்லுங்க."

"கையெழுத்து வாங்கறத நிறுத்து!"

கரகரத்த குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி...

"யாருங்க நீங்க?"

"நிறுத்தலைன்னா உன் தம்பி சீக்கிரமே வெளியே வருவான்... நாலு பேர் தோள்ல!"

டொக்!

அக்கா போனைப் பார்த்தாள். நம்பர் தெரியவில்லை. மெஷினின் பச்சைப் பட்டனை அழுத்தினாள். வாடிக்கையாளர் ஒருவர் ரேஷன் கார்டுடன் காத்திருந்தாரே!

தெருவுக்கே அவள் அக்காதான். ஆனால் சொந்தத் தம்பி ஒருவன்தான். லிஃப்ட் மெக்கானிக்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் தனியாக இருந்த பெரியவரை யாரோ ஸ்பேனரால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அன்று காலை அங்கே லிஃப்ட் ரிப்பேருக்குப் போனவன் தம்பி. அவனுடைய டூல் பையிலிருந்து ரத்தம் தோய்ந்த ஸ்பேனரை எடுத்ததாக இன்ஸ்பெக்டர் பறிமுதல் மகஜர் எழுதினார். அதை நேரில் பார்த்ததாக ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டிருந்தான். அதே மகஜரில் தம்பியிடமும், படிக்கக்கூட விடாமல் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்தச் சாட்சி கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை. "வெளிநாடு போயிட்டான்" என்றார் இன்ஸ்பெக்டர். கோர்ட் நம்பியது.

தம்பிக்கு ஆயுள் தண்டனை.

இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு. இப்போது அவர் உதவி கமிஷனர்!

பத்தாயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், மறுஆய்வுக் குழு பழைய கேஸ் கட்டைத் திறந்து பார்க்கும். அக்கா பதினோரு மாதமாக வாங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வரிசையில், பள்ளிக்கூட வாசலில், சினிமா கியூவில்...

"நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டவர்கள் பலர்.

"புகையைத் தனியா தயார் பண்றவங்களும் இருக்காங்க சார்... இந்த மகஜரைப் படிச்சுட்டு அப்புறம் சொல்லுங்க" என்பாள். பாதிப் பேர் படித்தார்கள். படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டார்கள்.

ஒன்பதாயிரத்து அறுநூறு தாண்டியாகிவிட்டது.

இப்போது இந்தப் போன்!

"மிரட்டறாங்கன்னா பயந்துட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள் வக்கீலம்மா. கோர்ட்டுக்குப் போகிற வழியில், கறுப்புக் கோட்டுடன் கடைக்குள் நின்றிருந்தாள். பீஸ் வாங்காமல் வழக்கைப் பார்ப்பவள். "புதுத் தாளெல்லாம் வந்துடுச்சா?"

"ஏட்டய்யா கொண்டு வருவார்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஏட்டய்யா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். ரிட்டயரான போலீஸ்காரர். தம்பியைக் கைது செய்த அதே ஸ்டேஷனில், வழக்குத் தாள்களை எழுதும் ரைட்டராக இருந்தவர். போன மாதம் தானாக வந்து, "நானும் அலையறேன்மா" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்ல சும்மா இருக்க முடியலை" என்றார்.

போலீஸ்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லையா? அன்றிலிருந்தே அக்காவுக்கு ஓர் உறுத்தல்.

அவர் தாள்களை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். அக்கா ஒவ்வொரு தாளாக நம்பர் போட்டுக்கொண்டே வந்தாள். நானூற்று எண்பது... எண்பத்தொன்று... எண்பத்திரண்டு...

"ஐயோ!"

வக்கீலம்மா திரும்பினாள். "என்ன ஆச்சு?"

"இது... இது அவன் கையெழுத்து!"

"எவன்?"

"மகஜர்ல போட்ட சாட்சி!"

கடைசி எழுத்து தூண்டில் முள் மாதிரி கீழே வளைந்து, மறுபடி மேலே ஏறி, ஒரு புள்ளியில் முடிந்தது. அக்கா அந்த மகஜரை ஆயிரம் காப்பியாவது எடுத்திருப்பாள். அவளுக்குத் தன் கையெழுத்தைவிட அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும்!

வெளிநாடு போனவன், தான் உள்ளே தள்ளிய ஆளை விடுவிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்!

"ஏட்டய்யா! இந்தத் தாள் எங்க வாங்கினது?"

"பஸ் ஸ்டாண்ட்லம்மா... நல்ல கூட்டம். முகமெல்லாம் ஞாபகமில்லை..."

அவர் நிமிரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெயருக்குப் பக்கத்தில் இருந்த விலாசத்தை அக்கா வாய்விட்டுப் படித்தாள். ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம், குடை ரிப்பேர் கடை மாடி.

"அந்தத் தாளை என்கிட்ட குடுங்க. பத்திரமா வெக்கறேன்" என்றாள் வக்கீலம்மா.

"இருக்கட்டும் மேடம். நானே வெச்சுக்கறேன்."

"கடையில நூறு பேர் வந்து போறாங்க. குடுங்க!"

எதற்கு இவ்வளவு அவசரம்? அக்கா தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

மத்தியானம் அவள் மட்டும் போனாள். குடை ரிப்பேர்காரர் கம்பியை நிமிர்த்திக்கொண்டே சிரித்தார்.

"மாடியா? அங்க புறா மட்டும்தான் இருக்கு. அதுங்க கையெழுத்துப் போடாதே!"

படி இறங்கும்போதே போன் அடித்தது.

"மாடி காலியா இருந்துச்சா?"

அதே துணிக் குரல்!

அக்கா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. பின்தொடர வேண்டிய அவசியமும் இல்லையே! அவள் இங்கே வருவது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

வக்கீலம்மா. ஏட்டய்யா.

ஒருத்தி தாளைக் கேட்கிறாள். ஒருத்தர் கண்ணைப் பார்க்க மறுக்கிறார்.

யார்?

மறுநாள் காலை இரண்டு போன் செய்தாள்.

"மேடம், சாட்சி கிடைச்சுட்டான்! பெரியாஸ்பத்திரியில படுத்திருக்கானாம். நாளைக்குப் பார்க்கப் போறேன்."

"தனியாப் போகாதீங்க. நானும் வர்றேன்" என்றாள் வக்கீலம்மா.

அடுத்தது...

"ஏட்டய்யா, சாட்சி கிடைச்சுட்டான்! பஸ் டிப்போ கேன்டீன்ல வேலை பார்க்கறானாம்."

அவர் மெதுவாக, "அப்படியாம்மா... நல்லதும்மா..."

ஒரே பொய்யை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தாகிவிட்டது. எந்தப் பாதி திரும்பி வரும்?

மூன்று மணிக்கு வந்தது.

"டிப்போ கேன்டீன் பக்கம் போனே... அப்புறம் உன் தம்பியை மறந்துடு!"

அக்கா அந்தப் பேச்சைப் பதிவு செய்துகொண்டாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேரே வக்கீலம்மா வீட்டுக்குப் போனாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வேலையும் இருந்தது.

அக்கா வரச்சொல்லியிருந்தபடி, மறுநாள் பத்தரை மணிக்கு ஏட்டய்யா கடைக்கு வந்தார்.

அக்கா போனை மேஜைமேல் வைத்தாள். பதிவு செய்திருந்த குரலை ஓடவிட்டாள். *டிப்போ கேன்டீன் பக்கம் போனே...*

"டிப்போன்னு நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் ஏட்டய்யா."

அவர் முகம் வெளிறியது. ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"கூடவே அலைஞ்சீங்க. என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. யார் அனுப்பினா உங்களை? உதவி கமிஷனரா?"

"யாரும் அனுப்பலைம்மா."

"அப்போ சாட்சியை எதுக்கு மறைக்கறீங்க? எங்க அவன்?"

"அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா!"

"என்ன?"

"இல்லாத ஆளுக்கு ஒரு பேர் வெச்சேன். கையெழுத்தும் நானே போட்டேன்... மகஜர்லயும் நான்தான். உங்க தாள்லயும் நான்தான்!"

அக்கா ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைத்தாள்.

"அந்த ஸ்பேனர் பெரியவர் வீட்டு சிங்க்குக்குக் கீழ கிடந்தது. அடிச்சது அவர் மருமகன்; இன்ஸ்பெக்டருக்கு வேண்டியவன். இன்ஸ்பெக்டர் அதைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து தம்பி பையில போட்டார். 'சாட்சி யாரு சார்?'னு கேட்டேன். 'ரைட்டர் எதுக்கு இருக்கே?'ன்னார்."

"ஏழு வருஷம்... ஏழு வருஷம் வாயைத் திறக்கலையே நீங்க!"

"திறக்கலைம்மா. ரிட்டயரானப்புறம் தூக்கம் போச்சு. கண்டுபிடிக்கட்டும்னு ஒரு நாள் தைரியமா அந்தக் கையெழுத்தைப் போட்டேன். அடுத்த நாளே பயம் வந்துடுச்சு. ஜெயிலுக்குப் போன போலீஸ்காரன் கதி தெரியும்மா எனக்கு... அதான் போன் பண்ணினேன்."

அக்காவுக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

அவர் எழுதினார். அரைப் பக்கம் தாண்டியிருக்கும்.

"ஒரு காப்பி எடுக்கணுமே!"

வாசலில் உதவி கமிஷனர்!

வழவழவென்று சவரம் செய்த முகம். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டிருந்தது. உள்ளே வந்து ஷட்டரைத் தானே பாதி இறக்கினார்.

"ரைட்டர்! ஒரு மாசமா எங்க சுத்தறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்ன எழுதறே? கவிதையா?"

தாளைப் பிடுங்கிப் படித்தார். சிரிப்பு போனது. நாலாகக் கிழித்தார்.

"இதுல ஏதோ ஒரு கையெழுத்துன்னு இருக்கே... எந்தத் தாள் அது?"

அக்கா பின்னால் நகர்ந்தாள். கை தானாக மேஜை டிராயர்மேல் போனது.

அவருக்கு அது போதும்! டிராயரை இழுத்தார். மேலாகவே இருந்தது நானூற்று எண்பத்திரண்டாம் தாள். தூண்டில் முள் கையெழுத்தை ஒரு நொடி பார்த்தார். பரக்... பரக்... சுக்கல் சுக்கலாக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஆச்சு! இப்போ உன் தம்பிக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"சார்... நீங்க நிக்கறது ஜெராக்ஸ் கடை."

"அதனால?"

"நீங்க கிழிச்சது கலர் காப்பி. ஒரிஜினலை நேத்து சாயங்காலமே வக்கீலம்மாகிட்ட குடுத்துட்டேன். இன்னைக்குக் காலையில ஆபீஸ் திறந்ததும் மறுஆய்வுக் குழுவுல ஒப்படைச்சு ரசீது வாங்கியாச்சு!"

உதவி கமிஷனரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"வெறும் கையெழுத்து பேசுமா? போட்டவன் பேசணும். இவன் பேச மாட்டான். என்ன ரைட்டர்?"

ஏட்டய்யா எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா... இன்னொரு பேப்பர் குடுங்க."

"ரைட்டர்!"

"நீங்க கிழிச்சுக்கிட்டே இருங்க சார். நான் எழுதிக்கிட்டே இருக்கேன். உங்கள மாதிரி அதிகாரிங்க சொல்லி முப்பது வருஷம் பொய் எழுதினவன்... உண்மை எழுதவா கை வலிக்கப் போகுது?"

ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. வக்கீலம்மா! கூடவே மறுஆய்வுக் குழுவின் விசாரணை அதிகாரி, ஏட்டய்யாவின் வாக்குமூலத்தை வாங்க.

குப்பைக்கூடையைப் பார்த்தார் விசாரணை அதிகாரி. உதவி கமிஷனரைப் பார்த்தார்.

"கிழிச்சது நீங்களா சார்?"



பதினான்கு வாரம் ஓடியது. இரண்டு கையெழுத்தையும் போட்டது ஒரே கைதான் என்று நிபுணர் சொன்னார். பெரியவரின் மருமகன் விமான நிலையத்தில் பிடிபட்டான். உதவி கமிஷனர் கைதானார். ஏட்டய்யா மீதும் வழக்கு; அவர் ஜாமீன்கூடக் கேட்கவில்லை.

"அவரை மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"வாக்குமூலம் எழுதிக் குடுத்தார், வாங்கிக்கிட்டேன். ஏழு வருஷத்தை எந்தப் பேப்பர்ல எழுதிக் குடுப்பார்?"

விடுதலை நாள்.

சிறை அலுவலகத்தின் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்கா நின்றாள். அந்தப் பக்கம் தம்பி. காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் அழுதே விட்டாள்.

அதிகாரி ஒரு படிவத்தைத் தள்ளினார். "கடைசி வரியில கையெழுத்துப் போடுய்யா."

தம்பி படிவத்தை எடுத்தான். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். திருப்பிப் பின்பக்கமும் படித்தான். மறுபடி முன்பக்கம்...

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"யோவ்! வெளியே போற நேரத்துல என்னய்யா படிப்பு? சீக்கிரம் போடு!"

தம்பி பேனாவை மூடினான்.

"சீக்கிரம் போட்டதாலதான் சார் உள்ளேயே வந்தேன்!"