மாஸ்டரின் சிவந்த உதடுகள்

அவன் மீசையைப் பறிகொடுத்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. மூக்குக்குக் கீழே மட்டும் வெயில் காணாத வெள்ளை. அதை இடக்கையால் பொத்திக்கொண்டு, வலக்கையில் ஒரு சரிகைச் சேலை தொங்க, கிடுகுத் தட்டி மறைப்புக்குள் வந்து நின்றவனைப் பார்த்ததும் பிரேமிளாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். என்ன இருந்தாலும் இன்றைக்கு இவர்தானே மகாராணி...

விசுவமடு வாசிகசாலையின் ஆண்டு விழா அது. யுத்தத் தடையால் மண்ணெண்ணெய் கண்ணிலும் காணக் கிடைக்காத அந்த வருசத்தில் இரவு நாடகத்தை யார் நினைக்க முடியும்? பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கி, பொழுதுபட முன் முடித்துவிடுவதாக ஏற்பாடு. ராணியாக நடிக்க இருந்த அப்புத்துரையோ மலேரியாவில் போர்வைக்குள் கிடந்து நடுங்கினான். வசனம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் நாடகத்தை எழுதியவர்தான்... கண்டாவளைப் பள்ளிக்கூடத்துச் சுதாகரன் மாஸ்டர். முன்வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டுப் பார்க்க வந்த மனுசனைக் கதிரையோடு தூக்கிவந்து மீசையை வழித்துவிட்டார்கள். பாவம்தான்.

பிரேமிளாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயது. கலியாண வீடுகளில் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்துவது அவள் தொழில். கடையில் லிப்ஸ்டிக் இல்லாவிட்டால் என்ன, தேங்காயெண்ணெயில் மெழுகுதிரியை உருக்கிக் குங்குமம் குழைத்து, ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி அவள் உதடு கீறினால், பெற்ற தாயே மகளை இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பாள். மெல்லிய உதட்டை மலர வைப்பாள். அகன்ற வாயைச் சிமிழ் போலாக்குவாள். முதலில் விளிம்பு, பிறகுதான் நிறம்... அது அவளுடைய சட்டம்.

அந்தக் கைதேர்ந்தவளின் குங்குமச் சிமிழை எட்டிப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னதுதான் எல்லா வினைக்கும் தொடக்கம்.

"இது தாங்குமோ? நாலாம் காட்சியில நான் குழறி அழவேணும். போன வருசம் எங்கட ஊரில ராணி அழ, சொண்டுச் சிவப்பு நாடிக்கு வந்திட்டுது. சனம் சிரிச்ச சிரிப்பில நாடகமே முடிஞ்சுது."

"அது ஆர் கீறினதோ..." என்றாள் அவள்.

"ஆர் கீறினாலும் குங்குமம் குங்குமம்தானே."

சுருக்கென்றது பிரேமிளாவுக்கு. என்ர கையைப் பற்றி என்ர முகத்துக்கு நேரேயே கதைக்கிறாரே... எழுந்தாள். வேலியைத் தாண்டி, பனையோலைக் கடகம் இழைக்கிற கமலேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனாள். ஓலைக்குப் போடுகிற சிவப்புச் சாயத்தில் ஒரு சிரட்டை கேட்டாள். இது லேசில் போகாது பிள்ளை என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். அதுதான் அக்கா எனக்கு வேணும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரோசம் வந்தால் மனுசருக்குக் காது கேட்பதில்லை.

வந்து அவன் முன்னால் முழங்காலில் இருந்தாள். ஒரு கையால் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பயந்த கண்கள். இத்தனை சனத்தின் முன்னால் சேலையோடு நிற்கப் போகிற பயம். அதை மறைக்கத்தான் இவ்வளவு வாய்... அவளுடைய கோபம் பாதியில் எங்கேயோ இறங்கிப் போனது. ஆனால் சாயச் சிரட்டை கையில் இருந்ததே!

அகன்ற வாய். இரண்டு மூலைகளையும் பவுடரால் மூடினாள். நடுவில் ஒரு சின்ன வாயை விளிம்பு கட்டினாள். மேலுதட்டின் நடுவே இரண்டு சிறு மேடுகள், கீழே ஒரு நிறைந்த வளைவு. பிறகு சிவப்பு. அவன் மூச்சு அவள் விரலில் பட்டது. பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தாள்... முடிந்தால்தானே.

சும்மா சொல்லக் கூடாது, ராணி அன்றைக்கு அழுத அழுகையில் முன்வரிசைக் கிழவிகள் சேலைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றினார்கள். கண்ணீர் ஓடியது, வியர்வை ஓடியது, கண்மை கன்னத்தில் இறங்கியது. உதடு மட்டும் அசையவில்லை. தட்டிக்குப் பின்னால் நின்ற பிரேமிளா தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

நிமிர்ந்த தலை ஒரு மணித்தியாலத்தில் குனிந்தது.

கிணற்றடியில் சவுக்காரம் போட்டான். தேய்த்தான். திரும்பவும் போட்டான். முகத்தில் எல்லாம் போனது. நடுவில் அந்தச் சின்னப் பெண்வாய் மட்டும், கீறியது கீறியபடி, செக்கச் செவேலென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"எத்தினை நாளில போகும்?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"நாலைஞ்சு நாள்... செல்லும்."

"திங்கக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு எனக்குக் கிளிநொச்சியில நேர்முகம். அஞ்சு வருசமாத் தொண்டர் ஆசிரியராப் படிப்பிக்கிறன். இந்த முறை நியமனம் கிடைக்காட்டி வயது தாண்டிப் போயிடும்." நிறுத்தினான். "இந்த வாயோட ஆர் எனக்குப் பள்ளிக்கூடம் தருவினம்?"

பிரேமிளா இன்னொரு வாளித் தண்ணீரை அள்ளிக் கொடுத்தாள். ஐயோ... ஒருத்தருடைய ஐந்து வருசத்தில் அல்லவா கை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பல்வலிக்காரன் மாதிரித் துவாயால் வாயைக் கட்டிக்கொண்டு, கண்டாவளையில் இருந்து சைக்கிளில் அவள் வீட்டுப் படலைக்கு வந்துவிட்டான். அவளும் விடியற்காலையிலேயே புளி கரைத்துத் தேசிக்காய் வெட்டித் தயாராக இருந்தாள். பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல... புளி தேய்த்தாள், உதடு வீங்கியது. தேசிக்காய் தேய்த்தாள், எலுமிச்சைப் புளிப்பின் எரிவில் மாஸ்டர் முற்றத்தை இரண்டு தரம் சுற்றி ஓடினார். தேங்காயெண்ணெய், கடலைமா, சாம்பல்... ஒவ்வொன்றும் பட்டபிறகு அந்தச் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிரேமிளாவின் தாய் வடிவம்மா மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணியாக்கினவள். குசினி வாசலில் இருந்து சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கங்க தம்பி" என்று ஆறுதல் சொன்னாள். மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்தாள். வெந்துபோன வாய்க்குச் சம்பல்! அவன் கண்ணால் தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான். ராணி அழுகையைவிட இது நல்லாய் இருக்கு என்று பிரேமிளா சொல்ல, அவனுக்குப் புரையேறிவிட்டது. அந்த ஒரு நொடியில் இரண்டு பேருமே திங்கட்கிழமையை மறந்துபோனார்கள்.

பின்னேரம் கண்ணாடியைப் பார்த்தான். ஞாபகம் வந்துவிட்டது.

"கடகத்துக்குப் பூசுறதை மனிசற்ற வாயில பூசிற ஆளிட்ட முகத்தைக் குடுத்தன் பாருங்கோ... என்னைத்தான் சொல்லவேணும்."

"அழியக் கூடாது எண்டு கேட்டது ஆர்?"

"கேட்டால்? கலியாண வீடுகளிலயும் உப்பிடித்தான் செய்யிறனீரோ?"

அவள் தேசிக்காய்த் தோலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சொன்னதை விழுங்க முடியாமல் அவன் துவாயைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

போகட்டும்... போனால் போகட்டும் என்று பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். திட்டினவன் மேல் கோபம் வரவேண்டுமே, ஏன் நாளைக்கு ஒன்பது மணியை நினைத்து நெஞ்சு அடிக்கிறது? அவன் என்னைச் சொன்னது சொன்னதுதான். ஆனால் நான் கீறின வாயால் அவன் வாழ்க்கை கெட்டுப்போகக் கூடாது.

திங்கட்கிழமை நன்றாக விடிய முன்னரே அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள். மாசியில் யாரும் எதிர்பாராத தூறல். பரந்தன் ரோட்டில் கண்டாவளைக்குத் திரும்புகிற சந்தியில், பூட்டிக் கிடந்த ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். கூரைத் தகரத்தில் மழை மெல்லத் தாளம் போட்டது. ஏழு மணிக்கு, வெள்ளைச் சேட்டும் துவாய் கட்டின முகமுமாக அவன் வந்தான். அவளைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான். துவாய்க்கு மேலே கண்கள் மட்டும்... அந்தக் கண்கள் இரவு முழுக்கத் தூங்கியிருக்கவில்லை.

"கால் மணித்தியாலம் தாங்கோ மாஸ்டர். அழிக்க ஏலாது. மறைக்க ஏலும்."

பவுடர், ஒரு துளி மஞ்சள், விளக்குக் கரி, கோப்பித் தூள், உருக்கின மெழுகு... விரல் நுனியில் குழைத்து, தன் புறங்கையில் பூசிப் பார்த்து, அவனுடைய நிறத்துக்குக் கொண்டுவந்தாள். முதலில் அந்தச் சின்ன வாயை மூடினாள். ராணி மறைந்தாள். பிறகு இன்னொரு குழையலை எடுத்து, ஈர்க்கு நுனியால் விளிம்பு கட்டத் தொடங்கினாள். இம்முறை ஒரு பெண்ணின் உதட்டை அல்ல, அவனுடைய உதட்டை. இடப்பக்கம் சற்று உயர்ந்த மேலுதடு. நடுவில் கொஞ்சம் கறுத்த கீழுதடு. வலது மூலையில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு... அதையும் கீறினாள்.

கண்ணாடியை நீட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது என்ர வாய்தான்" என்றான் மெதுவாக. "இந்தத் தழும்பு... நாலு வயசில கிணத்துக்கட்டில விழுந்தது. என்ர அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. நீர் இதை எப்ப பாத்தனீர்?"

"சனிக்கிழமை. கீற முதல்."

"பத்து நிமிசம்கூட இல்லையே."

"தொழிலுக்காகப் பாத்தனான்" என்றாள். சொன்ன வாய் சொன்னது, முகம் காட்டிக்கொடுத்தது. காதுவரைக்கும் சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது. இருபது பொம்பிளைகளுக்கு உதடு கீறியிருக்கிறாள். ஒருத்தியின் உதட்டையாவது இப்படிக் கண்ணை மூடினாலும் கீறுவாளா?

"பிரேமிளா... நேற்று நான் சொன்னது..."

"கதையாதேங்கோ. மெழுகு இன்னும் இறுகேல்லை."

"இல்லை, நான் சொல்ல வேணும்..."

"மாஸ்டர், கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. தேத்தண்ணி தந்தால் குடியாதேங்கோ. சிரிச்சால் வெடிக்கும். போயிட்டு வாங்கோ."

வாய் திறக்க முடியாமல், சொல்ல வந்த அத்தனையையும் கண்ணில் வைத்துக்கொண்டு அவன் போனான். தூறலுக்குள் அந்த வெள்ளைச் சேட்டு மறையும்வரை பார்த்துவிட்டு, அவள் தன்பாட்டில் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். விளங்கியிருப்பார். கட்டாயம் விளங்கியிருப்பார்...

மூன்று மணிக்குப் படலை சத்தம் கேட்டது. ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துவாய் இல்லை. பூச்சும் இல்லை. செக்கச் செவேலென்ற சின்ன வாயோடு பட்டப்பகலில் நிற்கிறான் மனுசன்.

"கலைஞ்சு போச்சோ?" என்றாள் அவள். "எல்லாம் போச்சோ மாஸ்டர்?"

"இல்லை" என்றான். கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொன்னதாகச் சொன்னான். தேத்தண்ணி தந்தபோது சோமவார விரதம் என்று பொய் சொன்னானாம். நேர்முகம் வைத்த மூன்று பேரில் பெரிய அதிகாரியாக இருந்த அம்மா, தம்பி நல்லாய்ப் படிப்பிப்பீர், ஆனால் பிள்ளைகளோடு இடைக்கிடை சிரிக்கவும் வேணும் என்று புத்தி சொன்னாவாம். சித்திரையில் நியமனம். கண்டாவளையிலேயே.

அம்மாளாச்சி... பிரேமிளா படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "பிறகேன் துடைச்சனீங்கள்? வழியெல்லாம் சனம் பாத்திருக்குமே."

"பரந்தனில சிரிச்சவை. தருமபுரத்தில சைக்கிளை மறிச்சு வைச்சுச் சிரிச்சவை. சிரிக்கட்டும்." அவன் கிட்ட வந்தான். "உம்மட்டச் சொல்ல இருக்கிறதைப் பூச்சுப் பூசின வாயால சொல்லக் கூடாது எண்டு நேர்முகம் நடந்த கந்தோர்க் கிணத்திலயே துடைச்சிட்டு வந்தனான். நேற்றுச் சொன்னது பிழை. பெரிய பிழை. என்னை ஒருத்தரும் ஒருநாளும் உப்பிடிப் பாத்ததில்லை பிரேமிளா... எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு. இந்தச் சாயம் போன அடுத்த நாள் என்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து உம்மைக் கேக்கப் போறன். அவா வரமாட்டன் எண்டு நிண்டால், சம்மதிக்கிற வரைக்கும் கேப்பன்."

குசினிக்குள் எதையோ கிண்டிக்கொண்டிருந்த வடிவம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றுபோனது. முற்றத்துப் பூவரசில் இருந்து மழைத்துளி ஒவ்வொன்றாக விழுந்தது.

"உமக்குச் சம்மதமோ?" என்றான்.

அவள் நிமிர்ந்து, அந்த அநியாயச் சிவப்பைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த கண்களைப் பார்த்தாள். இப்போது அதில் பயம் இருந்தது, ஆனால் மறைக்கவில்லை.

"சனிக்கிழமையே பிடிச்சிட்டுது மாஸ்டர்" என்றாள். "உங்கட வாயை மூடிப்போட்டு அதுக்கு மேல ராணியைக் கீற எனக்கு மனமே வரேல்லை."

சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடவில்லை. அங்கேயே நின்றாள்.