மூடியில் எழுதிய கை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆய்வகக் கதவைத் திறந்தபோது, புளித்த வாடையும் குளிர்பெட்டியின் முனகலும்தான் அவளை வரவேற்றன. உடம்பெல்லாம் அலுப்பு. உடன் வேலை பார்த்த அக்கா போன மாதம் இறந்துபோனாள். அவளுடைய கண்டுபிடிப்பு சரிதான் என்று இன்று காட்டாவிட்டால், அது குப்பைக்குப் போகும்.

பாக்டீரியாவுக்குள் நுழையும் வைரஸுக்குச் சொந்தமாக வேலை செய்யும் கை கிடையாது. அதன் புரதம் ஒன்று, பாக்டீரியா தன் மரபணுக்களைப் படிக்கும் கருவியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு வீட்டுக்காரர் கையாலேயே விருந்தாளிக்கு உலை கொதிக்கும். அந்தப் புரதம் இருந்தால் பாக்டீரியா வளர்க்கும் மூடித் தட்டு ஒளிரும், எடுத்துவிட்டால் ஒளிராது என்றாள் அக்கா. ஆய்வகத் தலைவர் நம்பவில்லை. எந்தத் தட்டில் புரதம் இருக்கிறது என்பதை அக்கா தட்டின் அடியில் எழுதாமல் மூடியில் எழுதுவாள். மூடி மாறிவிட்டால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் இவள் நேற்று அடியில்தான் எழுதினாள். எழுதியதாகத்தான் நினைவு.

இருட்டறையில் ஒரு தட்டு பச்சையாக ஒளிர்ந்தது. மற்றது கும்மிருட்டு. அக்கா ஜெயித்துவிட்டாள். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்கைப் போட்டுத் தட்டுகளைத் திருப்பினாள்.

அடியில் எதுவுமில்லை.

மூடியில், இடப்பக்கம் சாய்ந்த அக்காவின் எழுத்து.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது அங்கேயும் நிற்கவில்லை.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டாள். "நேத்து இங்க யாராவது வந்தாங்களாம்மா?"

"உன்னைத் தவிர யாரு வந்தா? நீதானே உக்காந்து எழுதிட்டிருந்த." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொண்ணு மாதிரியே. இடது கையால."

இவள் வலது கைக்காரி.

போன் அடித்தது. "அடியிலதானே எழுதின?" என்றார் தலைவர்.

"இல்ல சார். மூடியில."

"நீயுமா?" பெருமூச்சு விட்டார். "சரி, கடைசியா ஒரு தடவை. இதுவும் தப்பானா எல்லாத்தையும் கிருமி சாக வேக வச்சுக் கொட்டிடு."

புதுத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். இடது கையைத் தொடைக்கடியில் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"உனக்காகத்தான் செய்யறேன், அக்கா. விட்டுடு."

பேனாவை எடுத்தாள். களைப்பில் கண் சொருகியது. ஒரு நிமிடம்தான்.

விழித்தபோது தட்டுகள் நிமிர்ந்திருந்தன. முதல் மூடியில் மை காயவில்லை.

இடது கை தொடைக்கடியிலேயே மரத்துக் கிடந்தது.

வலது கை அடுத்த மூடியில் எழுதிக்கொண்டிருந்தது, இடப்பக்கம் சாய்த்து.