முப்பது வினாடி அவகாசம்

வெளியே போகும் கதவு அவளுடைய அட்டையைப் பார்த்துச் சிவப்பாக மினுக்கியது. பக்கத்துச் சின்னத் திரையில் ஒரு வரி: ‘நீங்கள் 2.10க்கே வெளியேறிவிட்டீர்கள்.’

மணி இரண்டே முக்கால். நாற்காலியை விட்டு அவள் எழுந்ததே இப்போதுதான்.

விடுமுறை நாளில் வேலைக்கு வந்த தலையெழுத்தை நொந்துகொண்டு அட்டையை மறுபடி தேய்த்தாள். சிவப்பு. மாடிப்படிக் கதவிலும் அதே கதை. ஏழாவது மாடியில் அவள் ஒருத்திதான். ஏசியின் உறுமல், தரை துடைத்த மருந்தின் நெடி, வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஜன்னலே இல்லாத கூடம். ஆள் நடமாடினால் மட்டும் எரியும் விளக்குகள் அவள் தலைக்கு மேலே எரிந்தன, மற்றதெல்லாம் இருட்டு. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். மூன்று மணிக்குள் வந்து மடியில் போட்டுக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

கதவுகளை ஆட்டிவைக்கும் செயலியே அவள் கட்டியதுதான். செயலியையும் அது ஓடத் தேவையான சகலத்தையும் ஒரே பெட்டியாகக் கட்டி, எங்கோ இருக்கும் கிளவுடில் ஏற்றிவிடுவாள். புதுப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு சோதனை நடக்கும். தேறிவிட்டால், கிளவுடே பழையதற்கு முப்பது வினாடி அவகாசம் கொடுத்து நிறுத்திவிடும். இன்று இரண்டு மணிக்குப் புதியதை ஏற்றியிருந்தாள்.

மேஜைக்கு ஓடிவந்து மடிக்கணினியைத் திறந்தாள். செய்த பிழை கண்ணில் பட்டது. சரிபார்ப்பதற்காகத் தன் படம், கைரேகை, வீட்டு முகவரி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவள், அவற்றை அழிக்காமலே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

‘புதிய பிரதி 2.10 முதல் ஓடுகிறது. சோதனை முடியவில்லை.’

கணவனைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். கதவு திறக்க மாட்டேங்குது.”

“என்ன விளையாட்டு இது? உள்ரூம்ல இருந்துக்கிட்டு எனக்கு எதுக்கு போன் பண்றே?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நான் இன்னும் வீட்டுக்கே வரலைங்க.”

“வந்து கால் மணி நேரமாச்சு. பாப்பா உன் மடியிலதானே படுத்திருக்கா.”

“அது நான் இல்லைங்க. பாப்பாகிட்ட கேளுங்க. அது யாருன்னு கேளுங்க.”

போனில் காலடிச் சத்தம். கதவு கிறீச்சிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். “பாப்பா, இது யாரு, சொல்லு.”

பிறகு, காய்ச்சலில் கம்மிய குரல்.

“அம்மா.”

மடிக்கணினியில் பச்சை எழுத்து வந்தது.

‘சோதனை முடிந்தது. புதியது சரியாக ஓடுகிறது. பழையது நிறுத்தப்படுகிறது: 30.’

புதியதை நிறுத்தச் சொல்லித் தட்டினாள். அவசரத்தில் தப்பாகத் தட்டினாள். திரும்பத் தட்டினாள்.

‘அனுமதி இல்லை. இவர் வெளியேறிவிட்டார்.’

19.

ஓடினாள். கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தமே வரவில்லை. ஏசியின் உறுமல் மட்டும்.

11.

காதோடு ஒட்டியிருந்த போனில் ஒரு குரல் மகளைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தது. “அம்மா இனிமே எங்கயும் போக மாட்டேன்டா கண்ணு.” அவளுடைய குரல்.

4.

கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள். இன்னும் வேகமாக ஆட்டினாள்.

ஆள் இருந்தால் மட்டும் எரியும் விளக்கு அவள் தலைக்கு மேலே அணைந்தது.